இரவிவர்மா தைலவர்ணம் கற்ற வரலாறு

நவராத்திரி விழாவின்போது ஈழத்துத் தமிழ்ப் பாடசாலை மண்டபங்களிற் கலைமகளின் படத்தை நடுவில் வைத்து, பூமாலை சூட்டி, மாணவர் துதி பாடுதல் நெடுநாள் வழக்கம். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று முதலிய கிழக்குக் கரையோரத்து ஊர்களிலும் இக்காட்சியைக் காணலாம். வெண்ணிற ஆடை உடுத்து, நான்கு கரங்களோடு, வீணையை மீட்டியவண்ணம் பாறைமேல் வீற்றிருக்க, அருகே மயில் நிற்கும் அத்திருவுருவம் பெரும்பாலும் இரவிவர்மா எழுதியதாகவோ, அவர் எழுதியதைப் பார்த்துப் பிறர் எழுதியதாகவோ இருக்கும். அதனை வணங்குவோருட் பலர் எழுதியவர் பெயரை அறியார். பெயரை அறிந்தோருள்ளும் பலர், அவர் அக்கலையை எவரிடம் எவ்வாறு கற்றார் என்பதை அறியார். அவர் கற்ற வரலாறோ, கல்வியைக் கொடுத்தலும் மறுத்தலும் பற்றிய வரலாறாகும். ஆதலின் அஃது ஓவியர்க்கேயன்றி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியதாகின்றது.

தமிழர்க்கு ஓவியம் புதியதன்று. சித்தன்னவாசற் குகைக்கோயிலிலும், தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவர்களிலும் உள்ள ஓவியங்கள் அதற்குச் சான்று. தஞ்சைச் சோழர்கால ஓவியங்களை 1931 இல் உலகறியச் செய்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி ஆவர். ஆனால் இவ்வோவியங்கள் கோட்டினால் உயிர்பெறுபவை. உருவத்தின் எல்லையைக் கோடு வகுக்க, அக்கோட்டினுள்ளே நிறம் நிரம்பும். பிற்காலத்துத் தஞ்சாவூர்ப் படங்களிற் பொற்றகடும் வண்ணக்கற்களும் பதித்தனர். அங்கும் முகம் தெய்வத்தின் இலக்கணப்படி அமைவதேயன்றி, ஒரு குறிப்பிட்ட மனிதரின் முகமாக அமைவதில்லை. நேரில் அமர்ந்திருக்கும் ஒருவரை, அவர்மேல் விழும் ஒளியும் நிழலும் தோன்ற, கண்டோர் உடனே இன்னாரென்று சொல்லும்படி எழுதும் முறை பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியரோடு வந்தது. அதற்குக் கருவியாயிருந்தது தைலவர்ணம்.

எண்ணெயில் நிறங்குழைத்தல் ஐரோப்பாவுக்கே உரியதென்று கருதுவதும் பொருந்தாது. ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் குகைகளில் ஏழாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட பௌத்த ஓவியங்களில் உலரும் எண்ணெய் கலந்துள்ளமை 2008 இல் வெளியான ஆய்வுகளாற் புலனாயிற்று. எனினும் அம்முறையைப் பேணி வளர்த்து, மனித முகத்தைத் தீட்டுவதற்கு ஏற்ற நுட்பமாக்கிய பெருமை பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த வான் ஐக் முதலிய பிளாந்தர் ஓவியர்க்கும், அவர்வழிவந்த இத்தாலிய ஒல்லாந்த ஓவியர்க்கும் உரியது. 1841 இல் ஜோன் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், பிதுக்கி எடுக்கக்கூடிய தகரக் குழாயில் வர்ணத்தை அடைக்கும் வழியைக் கண்டார். அதன்பின் தைலவர்ணம் ஓவியக் கூடத்தைவிட்டு வெளியேறி, கப்பலேறிக் கடல் கடந்து எந்நாட்டுக்கும் செல்லத்தக்கதாயிற்று.

இத்தைலவர்ணத்தின் இயல்பைச் சிறிது அறிந்தாலன்றி, இரவிவர்மா பட்ட பாடு விளங்காது. நீர்வர்ணத்தில் உள்ள நீர் ஆவியாகிவிடுவதால் அது விரைவில் உலரும். நிறப்பொடியோடு குழைத்த ஆளிவிதை எண்ணெயோ ஆவியாவதில்லை. அது காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று, நாட்பட நாட்பட இறுகும். இத்தாமதமே ஓவியனுக்கு வாய்த்த வரம். கன்னத்தில் ஒளிபட்ட பக்கமும் நிழல்பட்ட பக்கமும் சந்திக்கும் இடத்தில், ஈரம் உலருமுன் இரு நிறங்களையும் தூரிகையால் இழைத்து, எல்லையே தெரியாமல் ஒன்றிலொன்று கரையச் செய்யலாம். பிழைபட்ட இடத்தைச் சுரண்டியெடுத்து மீண்டும் எழுதலாம். ஆனால் வரம் தருவது சில விதிகளையும் உடன் தரும். கித்தானுக்கு முதலிற் பசையும் வெள்ளைப் பூச்சும் இட்டுப் பதப்படுத்தாவிடின், எண்ணெய் ஊறித் துணியைக் கெடுத்துவிடும். கீழ்ப்படையில் எண்ணெய் குறைந்தும் மேற்படையில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். மாறி இடின் படம் காலப்போக்கில் வெடித்துப் பிளக்கும். நிழலை மெல்லியதாகவும் ஒளியைத் தடிப்பாகவும் இடுதல் வேண்டும். கண்ணின் கருமணியில் வைக்கும் வெள்ளைப் புள்ளி இம்மி பிசகினும் பார்வை பொய்த்துவிடும்.

இவற்றை முடிந்த படமொன்றைப் பார்த்து அறிந்துகொள்ளல் அரிது. படம் விளைவைக் காட்டுமேயன்றி வழியைக் காட்டாது. கைத்தொழில் எதற்கும் இது பொருந்தும். கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். உருவம் எழுதுதலை இஸ்லாமிய மரபு பெரும்பாலும் விலக்குவதால், அங்கு வண்ணத்தின் மேலுள்ள காதல் பாவிலும் ஊடையிலும் சென்று தங்கியது. விற்பனைக்கு வந்த சேலையை எத்துணை உற்று நோக்கினும் ஒருவன் நெசவாளனாகிவிட முடியாது. தறியருகே அமர்ந்து, இழை அறும்போது கட்டும் கையையும், மிதிக்கும் காலையும் பார்த்தால்தான் தொழில் வசப்படும். ஆதலின், அருகே இருக்க விடுபவனே கைத்தொழிலுக்கு ஆசிரியன். விடாதவன் அதற்குப் பூட்டு.

இரவிவர்மா 1848 ஆம் ஆண்டு ஏப்ரல் 29 ஆந் திகதி திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூரிற் பிறந்தார். அக்குடும்பத்தில் ஓவியம் முன்னரே புகுந்திருந்தது. மாமனாராகிய இராஜராஜவர்மா தஞ்சாவூர் முறையிற் படம் எழுதுபவர். சுவாதித் திருநாள் மகாராசாவின் காலத்தில் மதுரையிலிருந்து வந்து புகழ்பெற்ற அழகிரி நாயுடுவின் பெயரும் அக்காலத்துத் திருவிதாங்கூர் ஓவியரிடையே பேசப்படுவது. மருமகன் சுவரெல்லாம் கரியினாற் கீறிய உருவங்களைக் கண்டு கடிந்துகொள்ளாது, அவற்றில் திறமையைக் கண்டவர் இம்மாமனாரே. அவரே சிறுவனுக்கு முதல் ஆசிரியரானார். 1862 இல், பதினான்கு வயதினனாகிய இரவிவர்மாவை அவர் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று, ஆயில்யம் திருநாள் மகாராசாவின் முன் நிறுத்தினார். கலைகளிற் பற்றுடைய மகாராசா, சிறுவன் அரண்மனையிலுள்ள படங்களைப் பார்த்துப் பயில இடமளித்தார்.

அரண்மனையில் அப்போது ஓவியராயிருந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர். அவரை நாயுடு என்றும் எழுதுவர். தைலவர்ணத்தில் உருவப்படம் எழுத வல்லவராக அந்நாட்டில் அவர் ஒருவரே மதிக்கப்பட்டார். அரச குடும்பத்தோடு உறவுடைய ஓர் இளைஞன், இயற்கையிலேயே கை திருந்தியவன், தமக்குப் போட்டியாக வந்துவிடுவான் என்று அவர் அஞ்சினார் என்பர். நீர்வர்ணத்தைக் காட்டினும், தைலவர்ணத்தின் நுட்பத்தைக் கற்பிக்க அவர் இசையவில்லை.

நாயக்கரை எளிதிற் குறைகூறுதல் வரலாற்று நெறியன்று. அக்காலத்து அரசவை ஓவியனுக்கு ஓய்வூதியம் இல்லை. வேறு காப்பும் இல்லை. அரசனின் விருப்பமே அவன் சோறு. தான் ஒருவனே அறிந்த நுட்பம் அவனுக்குக் காணிநிலம் போன்றது. அதனை மற்றொருவனுக்குக் கொடுத்தல் நிலத்தைப் பங்கிடுதல் போலாகும் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். தந்தை மகனுக்கன்றிப் பிறர்க்குச் சொல்லாத மருத்துவ முறைகளும், பரம்பரைக்குள்ளேயே அடங்கிய சிற்ப இரகசியங்களும் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் எத்தனையோ. அவ்வாறு பூட்டிவைத்தவர் பலர் அவற்றைத் தம்முடனேயே கொண்டுசென்றனர் என்பதும் உண்மை.

இந்நிலையிற்றான் ஆறுமுகம்பிள்ளை என்னும் பெயர் வரலாற்றில் தோன்றுகின்றது. அவர் நாயக்கரின் கீழ் இருந்து தொழில் கற்றவர். ஆசான் அறியாவண்ணம் இரவிலே இரவிவர்மாவிடம் வந்து, தாம் அறிந்த அளவில் தைலவர்ணத்தைக் கலக்கும் முறையையும் இடும் முறையையும் அவர் சொல்லிக் கொடுத்தார் என்று இரவிவர்மாவின் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். விளக்கொளியில் நிறத்தின் உண்மையான சாயலைக் காண்பது கடினம். மஞ்சள் வெள்ளையாகவும், நீலம் கருமையாகவும் தோன்றும். இரவிற் கேட்டதைப் பகலிற் சோதித்தே மாணவன் தெளிந்திருத்தல் வேண்டும். ஆயினும் அவனுக்குப் பகலில் யாரும் தராத ஒன்று இரவிற் கிடைத்தது. ஆறுமுகம்பிள்ளைக்கோ இதனால் ஆசானின் சினமும் வேலையிழப்பும் நேர்ந்திருத்தல் கூடும். கொடுப்பதால் இழக்கக் கூடியவர் அவர் ஒருவரே, கொடுத்தவரும் அவரே.

1868 இல் தியோடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய உருவப்பட ஓவியர் திருவனந்தபுரம் வந்தார். மகாராசாவின் குடும்பத்தினரைப் படமெழுதுவது அவர் வேலை. இரவிவர்மாவுக்குக் கற்பிக்குமாறு கேட்டபோது அவரும் இசையவில்லை. மகாராசாவின் வேண்டுகோளுக்காக, தாம் எழுதும்போது அருகே நின்று பார்க்க மட்டும் இடங்கொடுத்தார். விளக்கம் இல்லை, கேள்விக்கு விடை இல்லை, தூரிகை பிடித்துக் காட்டுதலும் இல்லை. இருபது வயது இளைஞன் நின்று பார்த்தான். வர்ணத்தட்டில் நிறங்கள் எவ்வரிசையில் வைக்கப்பட்டன, முதலில் எந்த நிறம் தொடப்பட்டது, முகத்தின் எப்பகுதி முன்னே எழுந்தது, எத்துணை நேரம் காத்து அடுத்த படை இடப்பட்டது என்பவற்றைக் கண்ணாற் கற்றான். பின்னர்த் தானே மகாராசாவையும் அவர் துணைவியாரையும் அம்முறையில் எழுதிப் பார்த்தான்.

ஆசிரியர் இலக்கணம் கூறும் நன்னூல், ஆசிரியராகத் தகாதவர்க்கு நான்கு உவமைகள் கூறும். அவற்றுள் ஒன்று மடற்பனை. கருக்கு மட்டை சூழ்ந்த பனையில் ஏறிப் பழம் பறிக்க இயலாது; தானாக விழுந்தாலன்றிக் கிடைக்காது. பனைமரம் கண்டு வளர்ந்த ஈழத்தார்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. ஜென்சன் இவ்வகையினர். அவரிடமிருந்து விழுந்தது மட்டுமே மாணவனுக்குக் கிடைத்தது. நாயக்கரோ தைலவர்ணத்தைப் பொறுத்தமட்டில் விழவும் விடவில்லை. நல்லாசிரியர்க்கு அந்நூல் கூறும் உவமைகளுள் நிலமும் ஒன்று. உழுது பயன்கொள்வோனின் முயற்சிக்கு ஏற்ப விளைவு தருவது நிலம். ஆறுமுகம்பிள்ளை பெரிய ஓவியர் என்று எவரும் எழுதவில்லை. அவரிடமிருந்த அறிவு மாணவனின் அறிவைவிட மிகுதியாக இருந்திருக்கவும் வேண்டுவதில்லை. ஆனால் அவர் நிலமாக இருந்தார். அரண்மனை ஓவியரிடமும் ஐரோப்பிய ஓவியரிடமும் இல்லாத ஆசிரியத் தன்மை அந்தத் தொழில் பயில்வோரிடம் இருந்தது.

அதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1870 இல் கள்ளிக்கோட்டையில் நீதிபதியாயிருந்த கிருஷ்ண மேனனின் குடும்பத்தை எழுதியது, கூலி பெற்று எழுதிய முதற் படம் என்பர். 1873 இற் சென்னைக் கண்காட்சியில், கூந்தலிற் பூச்சூடும் நாயர் மங்கையின் படம் ஆளுநரின் பொற்பதக்கத்தைப் பெற்றது. அவ்வாண்டே வியன்னாக் கண்காட்சியிலும் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு, இசைக்கருவி மீட்டும் தமிழ் மங்கையொருத்தியின் படம் சென்னையில் மீண்டும் பொற்பதக்கம் பெற்றது. 1878 இல், சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் உருவப்படத்தை எழுதினார். பின்னர் பரோடா அரசருக்காகப் புராண இதிகாசக் காட்சிகள் பதினான்கை எழுதினார். 1893 இற் சிக்காகோக் கண்காட்சிக்கு அவருடைய பத்துப் படங்கள் சென்றன.

இவற்றினும் பெரிதாக எண்ணத்தக்கது அவருடைய அச்சுக்கூடம். திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாயிருந்த சர் டி. மாதவராவ், ஓவியங்களைப் பல படிகளாக அச்சிட்டு மக்களிடம் சேர்க்குமாறு முன்னரே அறிவுரை கூறியிருந்தார். 1894 இல் பம்பாயில் இரவிவர்மாவின் கல்லச்சுக்கூடம் தொடங்கிற்று. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்லிற் படத்தைப் பிரித்து வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் முறை அது. அரண்மனைச் சுவர்களில் மட்டும் தொங்கிய திருமகளும் கலைமகளும் குடிசைகளுக்கும் கடைகளுக்கும் வந்தனர். கோயிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்டிருந்தோர் வீட்டிலும் அத்தெய்வங்கள் குடிபுகுந்தன. தமக்குப் பூட்டப்பட்டிருந்த கதவை அவர் பிறர்க்குத் திறந்துவிட்டார் எனலாம். தம் வீட்டிலும் அவர் கலையை ஒளிக்கவில்லை. தம்பி சி. இராஜராஜவர்மா நிலக்காட்சி ஓவியராக வளர்ந்து, 1905 இல் மறையும்வரை தமையனோடு உழைத்தார். தங்கை மங்களாபாயும் ஓவியரானார். அவர் எழுதிய தமையனின் உருவப்படம் இன்றும் பேசப்படுவது. இரவிவர்மா 1906 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆந் திகதி காலமானார்.

இரவிவர்மாவின் கலையைக் கண்டித்தோரும் உளர். அவருள் தலையாயவர் ஈழத்துத் தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. இரவிவர்மாவின் தெய்வ உருவங்களில் நாடக மேடையின் சாயலே உண்டென்றும், இந்தியக் கலையின் உள்ளுணர்வு இல்லையென்றும் அவர் கருதினார். அக்கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை. மேலைநாட்டு ஒளிநிழல் முறை தெய்வத்துக்கு மனித உடம்பைத் தந்தபோது, பழைய சிற்பத்தின் அமைதியிற் சிறிது குறைந்தது. ஆனால் கண்டனத்தை ஏற்குமுன் இரண்டு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். கற்ற கலையை எதற்குப் பயன்படுத்துவது என்பது ஒன்று. கலையைக் கற்க ஒருவனை விடலாமா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு அறிஞர் பலவாறு விடை கூறலாம். இரண்டாவதற்கு விடை ஒன்றே. கற்றவன்தான் ஏற்கவும் துறக்கவும் உரியவன். கல்லாதவனுக்குத் துறப்பதற்கு ஒன்றுமில்லை. 1943 இற் கொழும்பில் தோன்றிய நாற்பத்துமூன்றாங் குழுவினர் ஐரோப்பியப் பழைய முறையினின்று விலகிப் புதுவழி கண்டனர். அவருள் ஒருவராகிய ஹரி பீரிஸ் இலண்டனிலும் பாரிசிலும் முறையாகப் பயின்றவர், உருவப்படத்தில் வல்லவர்.

பூட்டு எவ்வாறு மெல்ல மெல்லத் திறந்தது என்பதை ஈழத்தின் வரலாற்றிலும் காணலாம். 1850 இற் சென்னையில் அலெக்சாந்தர் ஹன்டர் என்னும் மருத்துவர் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கியபின், அரண்மனைக்கு வெளியேயும் சித்திரம் பயில இடமுண்டாயிற்று. ஈழத்திலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓவியம் பாடசாலைப் பாடமாகி, அதனை மேற்பார்வை செய்ய வித்தியாதரிசிகள் நியமிக்கப்பட்டனர். அவருள் பிரதம வித்தியாதரிசியாயிருந்த வின்சர் என்னும் ஆங்கிலேயர் நாட்டின் இளம் ஓவியர் பலரை ஊக்கினார். அவர் பெயரால் 1938 இல் யாழ்ப்பாணத்தில் ஓர் ஓவியக் கழகத்தை நிறுவியவர் எஸ். ஆர். கனகசபை. ஓவிய ஆசிரியர்கள் கூடிப் பயிலவும் தம் படங்களைக் காட்சிக்கு வைக்கவும் அது களமாயிற்று. கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியிற் பயின்று திரும்பிய அ. மாற்கு, விடுமுறை நாட்களில் மாணவர்க்கு ஓவியம் கற்பித்து ஒரு தலைமுறையை உருவாக்கினார். அதே கல்லூரியிற் பயின்ற ஆசை இராசையா, உள்ளதை உள்ளவாறு எழுதும் யதார்த்த ஓவியத்தில் இறுதிவரை நிலைத்து நின்று, 2020 இல் மறைந்தார். இவர்கள் யாவரும் கற்பித்தலையும் தம் கலையின் பகுதியாகக் கொண்டவர்கள். திருவனந்தபுரத்தில் இரவில் நடந்த பாடம் யாழ்ப்பாணத்திற் பகலில் நடந்தது.

கிழக்கிலும் இதனை நினைவூட்டும் முகம் ஒன்று உண்டு. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் வழியிலுள்ள காரைதீவில் 1892 இற் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே தேர்ந்து, 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். மட்டக்களப்பிற் சிவானந்த வித்தியாலயத்தை அமைத்தவர். மறைந்துபோன யாழின் இலக்கணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, கண்டதைத் தமக்குள்ளே வைத்துக்கொள்ளாமல், 1947 இல் யாழ் நூலாக உலகுக்கு அளித்துவிட்டு, அவ்வாண்டு யூலை 19 ஆந் திகதி மறைந்தவர். அக்கரையோரத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் அவர் உருவப்படம் மாணவரை நோக்கியவண்ணம் இருக்கின்றது.

அப்படத்தை எழுத முற்படும் மாணவன் ஒருவனுக்கு இன்று ஆசிரியர் உண்டு; நூல் உண்டு; வர்ணமும் கடையிற் கிடைக்கும். எவனும் இரவில் ஒளிந்து கற்க வேண்டுவதில்லை. ஆனால் காவியாடையின் மடிப்பில் நிழலை எங்கே நிறுத்துவது, கண்ணின் ஒளியை எங்கே வைப்பது என்று தடுமாறும் வேளையில், அருகே வந்து தூரிகையை வாங்கிக் காட்டும் கை ஒன்று இன்றும் அவனுக்கு வேண்டும். இரவிவர்மாவின் புகழைப் பல நூல்கள் பேசும். ஆறுமுகம்பிள்ளைக்கு அந்நூல்களில் இரண்டொரு வரிகளே உண்டு. கலைமகள் படத்துக்கு மலரிடும் ஆசிரியர்கள், அம்மலரில் ஒன்று அவருக்கும் உரியது என நினைத்தல் தகும்.